கூசாத கை

கருப்பசாமி முன்னால் நின்றுகொண்டு வாயைப் பிளந்து கொட்டாவி விட்டான் பேயாண்டி. கையால் வாயை மறைக்கவேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. அண்ணன் அழகுபாண்டி முகத்தைச் சுளித்தான்.

“சாமி முன்னால நிக்கிறோம்டா. கொஞ்சமாச்சும் பயம் இருக்கா?”

“ராத்திரி பூரா லோடு ஓட்டிட்டு வாரேண்ணே. மாட்டுத்தாவணியில தக்காளிய எறக்கிட்டு நேரா கல்லுப்பட்டிக்கு வந்துட்டேன். கருப்புக்குத் தெரியாதா என்ன?”

பேச்சைப் பார், என்று பல்லைக் கடித்தான் அழகுபாண்டி. ஊரே இப்படித்தான் ஆகிவிட்டது. அதோ ஒருவன், புது பைக்கின் சாவியைச் சாமி காலடியில் வைத்துவிட்டு, செல்போனில் யாரையோ கெட்ட வார்த்தையில் வைதுகொண்டிருக்கிறான். இன்னொருவன் கருப்புக்குப் படைத்த பாட்டிலை, சூடம் அடங்குவதற்குள் எடுத்து இடுப்பில் செருகுகிறான். பூசாரி சோணைமுத்து, வடை தின்ற எண்ணெய்க் கையைச் சாமிக்குச் சாத்திய துண்டிலேயே துடைத்துக்கொண்டார். தூ! சாமி என்றால் அவ்வளவு இளக்காரமாகப் போய்விட்டது.

வந்த விஷயம் சின்னதில்லை. பங்காளிகள் அத்தனை பேருக்கும் பொதுவான குலசாமி அம்மனின் நகைகள் ஒரு பெட்டியில் இருக்கும். அந்தப் பெட்டி யார் வீட்டில் இருக்கிறதோ, அவருக்குத்தான் அம்மன் கோயிலில் பூசாரிப் பட்டமும் முதல் மரியாதையும். அப்பா சாகும்போது அதை மூத்தவனிடம் கொடுக்காமல், இளையவன் பேயாண்டியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

வழக்கமாக மாசி சிவராத்திரிக்குத்தான் பெட்டியைத் திறப்பார்கள். இந்த வருஷம் தையிலேயே திறந்து நகையைச் சரிபார்க்கவேண்டும் என்று அழகுபாண்டி பிடிவாதமாக நின்றான். திறந்து பார்த்தால் அம்மன் தாலியைக் காணோம். பூட்டு உடைபடவில்லை. சாவி இருக்கும் இடம் குடும்பத்தைத் தவிர வெளியாருக்குத் தெரியாது.

“பெட்டிய வச்சிருக்கிறவன்தானே பதில் சொல்லணும்?” என்று கேட்டுத் தம்பியைச் சத்தியத்துக்கு இழுத்துக்கொண்டு வந்ததும் அவன்தான்.

பங்காளிகளில் மூத்தவரான முத்திருளன் முன்னால் வந்தார்.

“பேயாண்டி, நல்லா யோசிச்சுக்க. சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணிட்டேன்னா பெட்டி ஒங்கிட்டயே இருக்கும். கைய நீட்டலைன்னா, இன்னைக்கே அண்ணன் வீட்டுக்குப் போயிரும். திருட்டுப் பட்டம் ஒனக்கு. பங்காளிக ஒருத்தரும் ஒன் வாசப்படிய மிதிக்க மாட்டோம்.”

பேயாண்டி கையை நீட்டமாட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்த வம்சத்தில் யாரும் சூடத்தைத் தொட்டதில்லை. பொய்ச் சத்தியம் கிடக்கட்டும், உண்மைக்குச் சத்தியம் செய்தாலே பிள்ளைகுட்டிக்கு ஆகாது என்று நம்புகிறவர்கள். கிணற்றுப் பங்குத் தகராறில் நியாயம் தன் பக்கம் இருந்தும், சூடத்துக்குப் பயந்து பங்கையே விட்டுக்கொடுத்துவிட்டு வந்தவர் அவர்கள் அப்பா. பேயாண்டி அவரைவிடப் பயந்தாங்கொள்ளி என்று பேர்.

சோணைமுத்து கட்டிச் சூடத்தைக் கல்லின்மேல் வைத்துக் கொளுத்தினார். பேயாண்டி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

“அம்மன் தாலிய நான் எடுக்கல. எடுத்திருந்தா என் கொலம் வெளங்காமப் போகட்டும்.”

சொல்லிவிட்டு, கொசுவை அடிப்பதுபோல ஒரே அடியில் சூடத்தை அணைத்தான். அப்புறம் இன்னொரு கொட்டாவி விட்டான்.

அழகுபாண்டி தம்பியின் தோளைப் பிடித்து இழுத்தான்.

“அடப்பாவி! எப்படிடா ஒனக்கு மனசு வந்துச்சு?”

“எம்மேல தப்பில்லண்ணே. அப்பறம் என்ன? கருப்பு நம்ம ஆளுதானே, நம்மள என்ன செஞ்சிறப் போறாரு?”

நம்ம ஆளாம்! டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைச் சொல்வதுபோலச் சொல்கிறான். அழகுபாண்டி அருவருப்போடு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சோணைமுத்து இன்னொரு கட்டிச் சூடத்தைக் கையில் எடுத்தார். “குத்தம் சொன்னவரு நீங்க. நீங்களும் ஒரு தடவ அணைக்கிறீகளா?”

“நானா?” அழகுபாண்டி சட்டென்று பின்வாங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். “நான் எங்கப்பன் மாதிரிய்யா. சாமிக்குப் பயந்தவன். உண்மையாவே இருந்தாலும் சூடத்தைத் தொடமாட்டேன்.”

இவனல்லவா அப்பன் பேர் சொல்லும் பிள்ளை என்று பங்காளிகள் மெச்சித் தலையாட்டினார்கள். ஆனாலும் முறை முறைதான். முத்திருளன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“அவன் சத்தியம் பண்ணிட்டான். இனிமே பேச்சில்ல. பெட்டி பேயாண்டிகிட்டயே இருக்கட்டும். அம்மனுக்குப் புதுசா ஒரு தாலி செஞ்சு போட்டுக்கிருவோம்.”

அழகுபாண்டி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் விடுவிடுவென்று ரோட்டுக்கு வந்தான். காருக்குள் மனைவி முனீஸ்வரி காத்திருந்தாள். ஏறி உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினான்.

“என்னங்க ஆச்சு?”

“கைய நீட்டி அணைச்சுட்டான்டி! எங்க வம்சத்துல எவனும் செய்யாதத செஞ்சுட்டான். பெட்டி அவன்கிட்டயேதான். சாமின்னா மனுசனுக்கு ஒரு பயம் வேணாம்? இம்புட்டு வருசமா அவன் கும்புட்டதெல்லாம் வேசம்டி. ஊருல பக்தியே செத்துப்போச்சு!”

முனீஸ்வரி கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“அப்ப தாலிய நம்ம உருக்குனது வீணா?”