அய்யாக்குட்டியின் கைமிஷின்

செத்துப்போன தையல்காரன் அய்யாக்குட்டிக்குத் தென்காசி வாசகசாலையில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். முதல் உலகப்போரில் பஸ்ரா சண்டையில் இடது கையைப் பறிகொடுத்தவன், மிச்சமிருந்த ஒற்றைக் கையால் இருபது வருஷம் ஊருக்கே சட்டை தைத்த வீரன் என்று உருகினார்கள். மடையர்கள். கைமிஷினில் வலது கை சக்கரத்தைச் சுற்ற வேண்டும், இடது கை துணியைப் பிடித்துத் தள்ள வேண்டும். இல்லாத கையால் அவன் எப்படித் தள்ளினான் என்று ஒரு பயலும் கேட்கவில்லை. பொத்தான் சரியாக இருந்தால் போதும் அவர்களுக்கு.

மேலகரத்தில் அவன் கடைக்கு எதிர்க்கடை என்னுடையது. நானும் தையல்காரன்தான். இரண்டு கையிருந்தும் என் தையல் கோணிக்கொண்டுதான் ஓடும். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்:

"ஏலே, துணிய யாரு பிடிக்காவ?"

"பழகுன கைதான் அண்ணாச்சி. அது பாட்டுக்குப் பிடிக்குது" என்றான், தலைநிமிராமல். திமிர் பிடித்தவன்.

அவன் செத்தபிறகு அவன் மிஷினை நான்தான் வாங்கினேன். முதல் நாள் துணிமேல் இடது கையை வைத்தேன். ஏதோ அதை மெல்ல ஒதுக்கிவிட்டது.

"என்ன அண்ணாச்சி, இந்த வயசுலதான் ஒமக்குத் தையல் நேரா ஓடுது" என்கிறார்கள் அதே மடையர்கள்.

தலையாட்டிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றுகிறேன். என் இடது கை மடியில் கிடக்கிறது.