யாரும் பார்க்கவில்லை

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கண் எதற்கு என்றுதான் தெரியவில்லை. செல்போனைப் பார்ப்பதற்கே சரியாய்ப் போய்விடுகிறது. எதிரே யானை போனாலும் எங்கே, எங்கே என்று கேட்பார்கள். பெரியவர் இப்படித் திட்டிக்கொண்டேதான் மருந்துக் கடை மேசையில் அந்தப் போட்டோவை வைத்தார்.

கடைக்காரர் எடுத்துப் பார்த்தார். இரட்டைப் பின்னல், இருபது வயது, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு பெண்.

"பேத்தியா? எவன்கூடயாவது ஓடிப் போச்சா?"

"வாயைக் கழுவுய்யா! என் சம்சாரம். கல்யாணமான புதுசுல எடுத்தது, வேற படம் இல்ல. இப்பல்லாம் அவளுக்கு ஞாபகம் நிக்கிறதில்ல. காலையில பார்த்தா கதவு திறந்து கிடக்கு, ஆளைக் காணோம்."

"இதை வச்சு எப்படிங்க அடையாளம் சொல்றது? என்ன கலர் சேலை?"

பெரியவர் போட்டோவைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். நாற்பத்திரண்டு வருஷமாய் அவள் கையால் காப்பி வாங்கிக் குடித்தவர். டம்ளரைப் பார்த்திருக்கிறார். சேலையை யார் பார்த்தது?

"சேலைன்னா... சேலைதான்."

தையல்காரரும் பார்க்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்ற ஏழெட்டுப் பேரில் ஒருவரும் பார்க்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் மழை வேறு பிடித்துக்கொண்டது. ஒரு தூறலுக்கே இழுப்பு வந்துவிடும் உடம்பு அவளுக்கு. பெரியவர் போட்டோ நனையாமல் கையால் மூடிக்கொண்டு வேகமாய் நடந்தார்.

பூட்டிக் கிடந்த பாத்திரக் கடைப் படியில் ஏறி ஒதுங்கினார். அங்கே ஒரு பிளாஸ்டிக் விரிப்புக்குள் வீடு வாசல் இல்லாத ஜென்மங்கள் முடங்கிக் கிடந்தன. வெளியே நீட்டியிருந்த கால்களில் ஒரு ஜோடி வெடித்துக் கறுத்திருந்தது. இன்னொன்று செருப்புத் தடத்தோடு வெளுப்பாய் இருந்தது.

"காலை மடக்குங்க. மனுஷன் நிக்கிறதா வேணாமா?" என்றார், ரோட்டைப் பார்த்தபடியே.

விரிப்பிலிருந்து ஒருத்தி தலையை நீட்டினாள். "ஐயா, யாரையாச்சும் தேடுறீங்களா?"

"சில்லறை இல்ல, போ."

"காசு கேக்கலைங்க. கொஞ்சம் முன்னால ஒரு அம்மா நனைஞ்சுக்கிட்டே வந்து..."

"தெரியும் உங்க கதை. ஆளைக் காட்டுறேன்னு கூட்டிட்டுப் போயி சட்டைப் பையைத் தடவுவீங்க. கடை வச்சிருக்கவனுக்கே தெரியலையாம், இவளுக்குத் தெரிஞ்சிருமாம்!"

"ஒரு தடவை திரும்பித்தான் பாருங்களேன் ஐயா!"

அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏமாற்றுவதற்கு வேறு ஆளைப் பார் என்று முணுமுணுத்துக்கொண்டே, போட்டோவைச் சட்டைக்குள் செருகி, மழையில் இறங்கி ஓடி ஏறிக்கொண்டார். பஸ் நகர்ந்தது.

அவள் விரிப்பை விலக்கி, பக்கத்தில் சுருண்டு கிடந்தவளை உலுக்கினாள். "எந்திரிம்மா, எந்திரி! அதோ பஸ்ல போறது உங்க வீட்டுக்காரர்தானே?"

பெரியவரின் சம்சாரம் எழுந்து உட்கார்ந்து, ஜன்னலோரம் தெரிந்த அந்த முகத்தை, அது மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தெரியலையேம்மா... பாவம், இந்த மழையில யாரைத் தேடுறாரோ!"