அடியில் கிடந்த குரல்

“அம்மா போன அன்னிக்கு, பக்கத்து ரூம்ல நான் வாசிச்சுப் பதிவு பண்ணது சார் இது. தூக்கத்துலயே போயிட்டாங்க. அவங்க குரல் ஒரு வார்த்தையாவது இதுல இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.”

ஊசங் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹேகம் என்னும் கொரியப் பிடில் வாசிப்பதில் சியோலில் பெயர் பெற்றவர். நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்குப் புசானிலிருந்து வரும் தங்கை, இந்தப் பதிவு தனக்கு வேண்டுமென்கிறாளாம்.

ஒலிப்பதிவாளர் தல்சூவுக்கு மனம் இளகிவிட்டது. “நல்லவேளை, சுருக்காம வேவ் ஃபைலாவே வச்சிருக்கீங்க. இதுல மைக்ல விழுந்தது எல்லாம் அப்படியே இருக்கும். எம்பி3ன்னா, பெரிய சத்தத்துக்கு அடியில மாட்டின சின்னச் சத்தத்தை, யாருக்குக் கேக்கப் போகுதுன்னு தூக்கிப் போட்டுடும்.”

பதிவில் பிடிலின் ஒலியை அடக்கி, அடியில் கிடந்த ஒலியை மேலே தூக்கினார்.

“ஊசங்... மூச்சு முட்டுதுடா... வாடா...”

பதிவில் பிடிலின் வில் ஒரு கணம் தடுமாறியது. பிறகு முன்னைவிட உரக்க இழுபட்டது.

குரல் மறுபடியும் கூப்பிட்டது. வாசிப்பு நிற்கவில்லை. குரல்தான் நின்றது.

தல்சூவுக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

“எம்பி3ல இது போயிடும்னீங்களே, நிச்சயமா?” ஊசங்கின் பேச்சில் இப்போது ஈரமே இல்லை.

“போ... போயிடும் சார்.”

“அப்ப தங்கச்சிக்கு அதுலயே குடுங்க. பெரிய ஃபைல் எதுக்கு, அழிச்சிடுங்க. பாவம், அம்மா கடைசியாக் கேட்ட வாசிப்பை அவ நிம்மதியாக் கேக்கட்டும்.”