நடைக்குக் கிடைத்த ஆடு

“நிஜமாவே குதிரை கால்லயா கட்டி விட்டீங்க, அண்ணே?”

குபாத் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சகின்பெக் சுற்றுமுற்றும் பார்த்தான்.

“மெதுவாப் பேசுடா. சுவருக்கும் காது இருக்கு.”

“அதானே பார்த்தேன். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குற மனுஷன், ஆபீஸ்லயே அதிகமா நடந்தவர்னு ஆடு வாங்கினா சும்மாவா? ஆனா அந்த ஆட்டு விருந்துக்கு உங்க வீட்டுக்கு வந்தப்ப குதிரையையே காணோமே.”

“தம்பி வீட்டு லாயத்துல நிக்குது. உனக்கு எதுக்கு அதெல்லாம்? கறி நல்லா இருந்துச்சா இல்லையா?”

“அந்தக் கறியைக் குறை சொன்னா நாக்கு அழுகிடும், அண்ணே.”

பிஷ்கேக்கில் இருந்த அந்த லாரி கம்பெனியில் இரண்டு மாதமாக நடையும் ஆடும்தான் பேச்சு. போன குளிர்காலத்தில் கணக்குப் பிரிவு மிர்லான், நாற்காலியில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை. நாற்பது வயதுகூட ஆகவில்லை அவனுக்கு.

அன்றிலிருந்து முதலாளி ஜிபார் அக்காவுக்கு ஒரே பிடிவாதம். பதினோரு மணி ஆனால் எல்லோரும் எழுந்து கை கால் நீட்டி மடக்க வேண்டும். பக்கத்துத் தெருவுக்குப் போவதென்றால் கம்பெனிக் கார் கிடையாது, நடைதான். மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஆளுக்கொரு பட்டையும் கொடுத்தாள். அது அடியை எண்ணும், நெஞ்சுத் துடிப்பையும் எண்ணும். கணக்கு தானாகவே கம்பெனி டாக்டருக்குப் போய்விடும். மாதத்தில் அதிகம் நடந்தவருக்கு ஒரு கொழுத்த ஆடு.

செத்தவனை நினைத்து அவள் செய்கிற காரியம். அதிலும் போய் ஏமாற்றுகிறோமே என்று சகினுக்கு உறுத்தாமல் இல்லை. ஆனால் ஆடு வாசலில் வந்து நின்றபோது, வெட்கம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டது. பட்டை எங்கே என்று யாராவது கேட்டால், சார்ஜ் ஏறுகிறது என்பான்.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

“போங்க அண்ணே, அடுத்த ஆடு வந்துடுச்சு” என்றான் குபாத்.

அறையில் ஜிபார் அக்காவோடு டாக்டரும் இருந்தார். ஆட்டைப் பற்றிய பேச்சையே காணோம்.

“நீங்க உட்காரவே மாட்டீங்களா?” என்றார் டாக்டர், கம்ப்யூட்டரைப் பார்த்தபடி. “விடியறதுக்கு முன்னாடியே எழுந்துடறீங்க. ஊர் அடங்கின பிறகுதான் படுக்கிறீங்க. ரெண்டு வாரமா நெஞ்சு தாளம் தப்பித் துடிக்குது. இப்படியே விட்டா, மிர்லானுக்கு வந்ததுதான் வரும்.”

சகின் சட்டைக் கையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டான்.

ஜிபார் அக்கா மேசைமேல் ஒரு சீட்டை நகர்த்தினாள். இசிக்-குல் ஏரிக்கரை ஓய்வில்லத்துக்கான அனுமதிச் சீட்டு.

“பேர் மட்டும்தான் எழுதணும். செலவெல்லாம் கம்பெனியோடது. நாளைக்கே கிளம்பணும். அதுவரைக்கும் வீட்டுல ஒரு குடம் தண்ணிகூடத் தூக்க விடக் கூடாது, சொல்லிட்டேன்.”

“எனக்கு ஒண்ணும் இல்லக்கா. நல்லாத்தான் இருக்கேன்.”

“டாக்டர் சொல்றாரே.”

சகின் சீட்டை எடுத்துக்கொண்டான். வாயை மூடிக்கொண்டால் போதும். ஏரிக்குளியல், வேளாவேளைக்குச் சாப்பாடு, விடுப்பிலும் சம்பளம். யாருக்கு என்ன தெரியப் போகிறது? மடித்துச் சட்டைப் பையில் வைத்து, கதவு வரைக்கும் போய்விட்டான். கைப்பிடியைத் தொட்டவனுக்கு மேலே போக முடியவில்லை. மிர்லானுக்கு வந்ததுதான் வரும் என்று டாக்டர் சொன்னது காதிலேயே நின்றது.

திரும்பி வந்து சீட்டை மேசைமேல் வைத்தான்.

“அக்கா, பட்டையை நான் கட்டிக்கவே இல்ல. ஒருநாள்கூட. உங்களை ஏமாத்திட்டேன்.”

“தெரியும்” என்றாள் ஜிபார் அக்கா. “குபாத் வாயில ரகசியம் நிக்குமா? குதிரைக் கதை ஆபீஸ் முழுக்க ஓடுது.”

சகினால் தலையை நிமிர்த்த முடியவில்லை. வேலை போனால்கூடப் பரவாயில்லை, இவள் இப்படி நிதானமாகப் பேசாமல் நாலு வார்த்தை திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவமானத்தில் காது மடலெல்லாம் எரிந்தது.

“நானும் குதிரை முதுகுல வளர்ந்தவதான், சகின். சும்மா நிக்கிற குதிரைக்கு நெஞ்சு எவ்வளவு மெதுவாத் துடிக்கும்னு எனக்குத் தெரியும். இது குதிரைத் துடிப்பு இல்ல.”

சகின் மேசைமேல் கிடந்த சீட்டையே பார்த்தான்.

“அதை விடு. விருந்தன்னைக்கு நீ விரிப்புல சாஞ்சு உட்கார்ந்தவன், நாங்க கிளம்பற வரைக்கும் எழுந்திருக்கல. நான் எதிர்லதான் இருந்தேன். அன்னைக்குத்தான் உன் பட்டை மத்த எல்லா நாளையும்விட அதிகமா நடந்திருக்கு.”

அவள் பேனாவைத் திறந்து சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“கதவோரத்துல நின்னு, கடைசி ஆள் போற வரைக்கும் எங்களுக்கு டீ ஊத்திக்கிட்டே இருந்தாளே உன் பொண்டாட்டி, அவளை நீ ‘ஏய்’னு மட்டும்தான் கூப்பிட்டே. சீட்டுல எழுதணும், அவ பேர் என்ன?”