நின்ற வண்டி

பிஜித் தலைநகர் சுவாவில் ஆட்சி கவிழ்ந்த சூட்டோடு பாலசுப்பிரமணிக்கு நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குப் போக விசா வந்துவிட்டது. கரும்புத் தோட்டங்கள் சூழ்ந்த சவேனி ஊர் வீட்டில் விற்க மிச்சமிருந்தது, அவன் ஆசையாய் உயரமேற்றிய ஜீப் ஒன்றுதான்.

“அந்தப் பூதத்தைச் சீக்கிரம் தலைமுழுகுங்க. நான் அதுல ஏறவே மாட்டேன்” என்றாள் மனைவி உர்மிளா.

விற்குமுன் கடைசியாக ஒரு குறையைச் சரிசெய்ய, காலையில் ஷாக் அப்சார்பர் தண்டின் அடியில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டினான். வண்டி குதிக்கக் குதிக்க அது மேலே ஏறும். அதைப் பார்த்துத்தான், அடி இடிக்காமல் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரின் உயரத்தை முடிவு செய்ய வேண்டும். சாயங்காலம் ஓட்டிப் பார்க்கலாமென்று, பஸ் ஏறி வேலைக்குப் போனான்.

திரும்பி வந்து குனிந்தால், வளையம் உச்சியில் நசுங்கிக் கிடந்தது!

“நின்ன வண்டி எப்படிடி குதிச்சது?”

உர்மிளா டீயை நீட்டினாள். கொண்டையில் கரும்புச் சோகை சிக்கியிருந்தது.

“ஏங்க, ஆக்லாந்துல தாண்டுறதுக்கு வாய்க்கால் இருக்குமா?”