இரண்டு விரல் நீளம்

"மேடு."

அவள் சொன்னாள். இருவரும் ஒன்றாகக் காலைத் தூக்கி வைத்து வேகத்தடையைத் தாண்டினார்கள்.

எட்டாவது கிலோமீட்டர். பேரூர் சாலையில் இன்னும் வெயில் ஏறவில்லை. அவளுடைய வலது முட்டிக்கு மட்டும் விடிந்து வெகுநேரம் ஆகிவிட்டிருந்தது.

அவருடைய இடக்கையிலும் அவளுடைய வலக்கையிலும் ஒரே கயிறு. பழைய ஷூ லேஸ். இரண்டு முனையிலும் விரல் நுழைக்க ஒரு வளையம். சனிக்கிழமைதோறும் அதைத் துவைத்துக் காயப்போடுவது அவள்தான். அதன் நீளம் அவளுக்கு அத்துப்படி. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை.

அவருக்குப் பார்வை போய்ப் பதினோரு வருடம். அதற்கு முன்பு வீட்டில் ஓட்டக்காரர் அவர் மட்டும்தான். அவள் ஓடியதெல்லாம் டவுன் பஸ்ஸைப் பிடிக்க. மூலையில் உட்கார்ந்துவிட்ட மனிதரை வெளியே கூட்டிவர வேறு வழி தெரியாமல் ஷூ மாட்டினாள். மாட்டியவளை ஓட்டம் பிடித்துக்கொண்டது. பிறகு மகள் தாரணிக்கும் தொற்றியது. இப்போது அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இட்லி வேகப் பத்து மணி ஆகிறது.

இருபத்தொரு கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்துக்குள் ஓடிவிட வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான். நான்கு முறை ஓடினார்கள். நான்கு முறையும் இரண்டு நிமிடம், மூன்று நிமிடத்தில் தவறியது. இது ஐந்தாவது பந்தயம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவள் ஒரு முறை வெயில் என்றாள். ஒரு முறை பாலத்தில் கூட்டம் என்றாள்.

"ஆமா புள்ள, கூட்டந்தான்" என்று அவரும் ஒத்து ஊதினார்.

முட்டி வீங்க ஆரம்பித்த பிறகுதான், தாமதம் தன்னால் என்று அவள் ஒப்புக்கொண்டாள். அதிலும் ஒரு நிம்மதி இருந்தது. கயிறு விறைத்தால் துணைக்கு ஓடுபவர் பின்தங்குகிறார் என்று அர்த்தம். ஓட்டக் குழுவில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் அது. இந்தக் கயிறு ஒருநாளும் விறைத்ததில்லை. எப்போதும் நடுவில் கொஞ்சம் தொய்ந்தே இருக்கும். ஆக, தன் குறை இரண்டு மூன்று நிமிடக் குறைதான் என்று நினைத்துக்கொண்டாள்.

பந்தய விதிப்படி, பத்தாவது கிலோமீட்டரில் துணையை மாற்றிக்கொள்ளலாம். ஒரு வருடமாக அவரிடம் கேட்டுப் பார்த்தாள்.

"நீ இல்லாம எனக்கெதுக்கு அந்த ரெண்டு மணி நேரம்" என்பார்.

கேட்பதை நிறுத்தினாள். தாரணியிடமும் குழுவிடமும் பேசி முடித்தாள். இப்போது பச்சை பனியன் போட்ட பத்துப் பேர், யாரும் அவர்மேல் இடித்துவிடாமல் சுற்றிலும் வேலி கட்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். அவரிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஒன்பது.

முட்டியில் ஊசி இறங்கியது. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. பத்து வரைக்கும் அவர் அவள் பொறுப்பு.

பத்து.

தாரணி அவள் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள். நின்று மாற்றினால் நேரம் போகும். ஓடிக்கொண்டே அவள் வளையத்திலிருந்து விரலை உருவினாள். மகளின் விரல் நுழைந்தது.

அவருக்குத் தெரியாமல் போகுமா. தலை திரும்பியது. கால் தயங்கியது.

"போங்க. நிக்காதீங்க."

அவளுடைய அந்தக் குரலுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

அவர் போனார்.

ஐம்பது அடி போயிருக்கமாட்டார்கள். கயிறு விறைத்தது. தாரணியின் கை முன்னால் இழுபட்டது. ஒரு வருடம் பயிற்சி எடுத்த இருபது வயதுக் கால்கள், திணறிப்போய்த்தான் அவரை எட்டிப்பிடித்தன. பச்சை பனியன்காரர்களும் வேகத்தைக் கூட்டிக்கொண்டு ஓடினார்கள்.

அவள் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடினாள்.

அவருக்கு இவ்வளவு வேகம் இருந்திருக்கிறது. பத்து வருடமும் அவர் அதைக் குறைத்துக்கொண்டு, கயிறு தொய்ந்திருக்கும்படி, அவளோடு ஓடியிருக்கிறார்.

முதலில் கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை சொன்னாரா மனுஷன்?

அப்புறம் அழுகை வந்தது. ஓடும்போது அழுதால் மூச்சு வாங்கும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தாள்.

சாலையோரத்தில் அவளுடைய தம்பி ஸ்கூட்டரோடு நின்றிருந்தான். இங்கிருந்து அவளை ஏற்றிக்கொண்டு போவதாகப் பேச்சு. அவனுக்குக் கையசைத்துவிட்டுத் தாண்டிப் போனாள்.

இன்னும் பதினொரு கிலோமீட்டர். சுற்றிலும் வேலி இல்லை. வலக்கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வேகத்தடை வந்தது.

"மேடு" என்றாள்.

பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒருவர், பணிவாகக் காலைத் தூக்கி வைத்தார்.

பதினைந்தில் நடந்தாள். பதினாறில் மறுபடி ஓடினாள். தான் ஒருநாளும் இவ்வளவு தூரம் தனியாக ஓடியதில்லை என்பது பத்தொன்பதில்தான் நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் நிற்க மனமில்லை.

முடிவுக் கோட்டைத் தாண்டும்போது இரண்டு மணி இருபத்தொரு நிமிடம்.

அவர் ஓரமாக நின்றிருந்தார். அத்தனை காலடிகளுக்கு நடுவே தலையைச் சாய்த்துக் கேட்டு, அவள் கூப்பிடும் முன்பே அவள் பக்கம் திரும்பினார். தாரணி காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணு அம்பத்தாறும்மா" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். "இவரை எப்படிம்மா இத்தனை வருஷம் புடிச்சு வெச்சிருந்த?"

அவள் அவரைப் பார்த்தாள். அவர் தன் விரலில் இருந்த கயிற்றின் காலி முனையை அவள் பக்கம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். அவருடைய விரலைத் தன் மணிக்கட்டில் வைத்து, கயிற்றைக் கையோடு சேர்த்து இழுத்துப் பார்த்தாள்.

இன்றைய இழுப்பில் நீண்டு, முழங்கையைத் தாண்டி இரண்டு விரல் நீளம் இருந்தது.

முடிச்சைப் பிரித்துச் சுருக்கிவிடலாம். ஒரு நிமிட வேலை.

அவள் குனிந்து காலி வளையத்தை மகளின் விரலில் மாட்டினாள். பிறகு அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.