தங்கம் வந்தால் காட்டு

"தங்கம்னு ஒரு சொல் எந்தப் பத்திரிகைச் செய்தியில வந்தாலும், அடுத்த நிமிஷம் நம்ம வெப்சைட்ல ஓடணும். ஏடாகூடமா ஏதாவது ஓடுச்சு, வேலையை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்," என்றார் நகைக்கடை முதலாளி.

வெப்சைட் செய்ய வந்தவளுக்கு, தனியாகப் பிடித்த முதல் வேலை இது. பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினாள்.

வெப்சைட் தயாரானதும், கடையின் பெரிய திரையில் அதன் செய்திகள் ஓடத் தொடங்கின. 'தங்கம் விலை சரிவு.' 'நீச்சலில் தங்கம் வென்ற மாணவி.'

"நீச்சலுக்கும் நமக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"கம்ப்யூட்டர் சொல்லைத்தான் சார் பார்க்கும், பொருளைப் பார்க்காது."

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். கல்லாவில் இருந்த கணக்குப்பிள்ளையும் கூடவே சிரித்து வைத்தார். அது முதலாளியின் மனைவி உட்காரும் நாற்காலி. அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாளாம்.

"அம்மா எப்ப சார் வருவாங்க? இந்தக் கல்லாவை என்னால சமாளிக்க முடியல."

"வருவா, வருவா. நீ வேலையைப் பாரு."

அப்போதுதான் அந்த வரி ஓடியது.

'காணாமல் போன தங்கம் ஏரியில் மீட்பு.'

"அடடே! நாம ஏன் இங்க நிக்கிறோம்? ஏரிக்கே போயிடலாமே!" என்றார் மோதிரம் பார்த்துக்கொண்டிருந்தவர். கடையே சிரித்தது.

முதலாளி சிரிக்கவில்லை. பேயறைந்தவர் போல நின்றார். கையிலிருந்த தண்ணீர் டம்ளர் நழுவி விழுந்தது.

"எடும்மா அதை! உடனே எடு!"

அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான்: வேலை போயே போச்சு!

"தப்பான செய்தி இல்ல சார்... இருங்க, படிக்கிறேன்," என்று பதறிப்போய் அந்த வரியைத் தொட்டாள். முழுச் செய்தி விரிந்தது. "திருடன் போலீசுக்குப் பயந்து ஏரியில வீசின நகைப் பையை..."

முதலாளியின் காதில் எதுவும் ஏறவில்லை. திரையை வெறித்தபடியே உளறினார்.

"கல்லைக் கட்டித்தானே போட்டேன்... எப்படி மேல வந்தா?"

நகை என்றால் 'வந்துச்சு' என்றல்லவா சொல்ல வேண்டும் என்று அவள் திருதிருவென விழித்தாள்.

கணக்குப்பிள்ளை நாற்காலியைவிட்டு மெல்ல எழுந்தார்.

"எங்க முதலாளியம்மா பேரு... தங்கம்."